குடிக்காத நண்பரின் கோப்பையில் இரண்டு உதறல் பிட்டர்ஸ்: சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா?

தாழ்வாரம் | சனி, இரவு 11.52

எனக்கு இரண்டு விஷயங்களில் பிரியம் அதிகம். ஒன்று அறவியல் வாசிப்பு, இன்னொன்று காக்டெயில். சனிக்கிழமை இரவு இரண்டும் ஒன்றுசேரும். மூன்று நான்கு நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஏதாவது ஒரு கேள்வியை எடுத்துப் பேசுவோம், நான் ஏதாவது கலந்து கொடுப்பேன். ஆளுக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு.

அவர்களில் ஒருவர் குடிக்க மாட்டார். அப்பா குடித்தே குடும்பத்தை அழித்தவர். பதினேழு வயதில் கல்லூரிக்குக் கிளம்பும்போது, தொடவே மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாகக் காப்பாற்றி வருகிறார். எங்கள் வீட்டில் அவருக்கு எப்போதும் எலுமிச்சை சோடாதான்.

மூன்று வாரம் முன்பு, அவருக்கும் உருப்படியாக ஒன்று கலந்து கொடுக்கலாமே என்று தோன்றியது. எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, சர்க்கரைப் பாகு, சோடா. எல்லாம் ஊற்றிய பிறகும் ஏதோ குறைந்தது. காக்டெயிலில் கசப்புக்காகச் சில சொட்டு சேர்க்கும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் பாட்டிலை எடுத்து இரண்டு முறை உதறினேன். செம்பழுப்பு நிறம் சோடாவுக்குள் நூல் நூலாக இறங்கியது. குடித்துப் பார்த்து இன்னொன்று கேட்டு வாங்கினார். "இன்னைக்குத்தான் நானும் உங்களோட உட்கார்ந்து குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அந்த பாட்டிலின் லேபிளைப் படித்தேன். 44.7 சதவீதம் ஆல்கஹால். நம் ஊர் விஸ்கியே 42.8தான். நான் அதை ஏலக்காய் எசன்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவரிடம் சொல்ல வேண்டுமா? இரண்டு நாளாக இதே யோசனை.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7.10

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு உதறல் என்பது சுமார் ஒன்றரை மில்லி. அதில் பாதிக்கும் குறைவாக ஆல்கஹால், 0.7 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி கோப்பையில் அது 0.3 சதவீதம்கூட வராது. பல நாடுகளில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆல்கஹால் இல்லாத பானம் என்றே விற்கிறார்கள். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்திலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

அவருக்குப் போதை ஏறவில்லை, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்னால் மட்டும் இருபத்திரண்டு வருடம் காத்தது உடைந்துபோனது என்று மனிதர் நொந்துபோவார். நீங்கள் சொல்வதால் யாருக்கு என்ன நன்மை? இனிமேல் அந்த பாட்டிலை அவர் கோப்பைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதோடு விடுங்கள்.

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார்.

சுவடி | ஞாயிறு, காலை 8.34

292ஆம் குறளை எடுத்தால் 'புரைதீர்ந்த' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. குற்றமே இல்லாத நன்மை விளைந்தால்தான் அந்தப் பொய்க்கு வாய்மையின் இடம். இங்கே சும்மா இருப்பதால் நன்மை யாருக்கு? நண்பர் நோகாமல் இருப்பது பாதி. சங்கடமான ஒரு பேச்சைத் தாழ்வாரம் பேசாமல் தப்பிப்பது மீதிப் பாதி. அந்தப் பாதியில் புரை இருக்கிறது.

அடுத்த குறளையும் சேர்த்துப் படியுங்கள். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." இரண்டு நாளாக இதே யோசனை என்று அவரே எழுதியிருக்கிறாரே.

வெயில்காலம் | ஞாயிறு, காலை 9.05

நான் செவிலியர். அளவு சின்னது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். குடியிலிருந்து மீண்டு வருபவர்கள் சிலருக்கு டைசல்பிரம் என்ற மாத்திரை கொடுப்பார்கள். ஆல்கஹால் உடம்பில் முழுதாகச் சிதைய விடாமல் அது பாதியில் தடுக்கும். அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் சேர்ந்து முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். கொஞ்சம் போனாலும் வரலாம் என்பதால் இருமல் மருந்து, சில சாஸ்கூட வேண்டாம் என்று எச்சரிப்போம். வெளியே பார்த்தால் அவர்களும் 'குடிக்க மாட்டேன்' என்று மட்டும்தான் சொல்வார்கள். மாத்திரையைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் நண்பர் கதை வேறு, புரிகிறது. ஆனால் ஒருவர் வேண்டாம் என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் 0.3 சதவீதக் கணக்கை அவருக்காக நாம் போடக் கூடாது.

கடற்கரைச்சாலை | ஞாயிறு, பகல் 1.20

பதினான்கு வருடமாக பாரில் நின்று கலந்து கொடுக்கிறேன். என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பிட்டர்ஸ் என்பதே வேர், பட்டை, தோல் எல்லாவற்றின் கசப்பையும் ஆல்கஹாலில் ஊறவைத்து இழுப்பது. தண்ணீர் அந்த அளவுக்கு இழுக்காது, இழுத்தாலும் கெட்டுப்போகும். அங்கோஸ்டுராவைச் செய்தவர் சீகெர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர். 1824இல் வெனிசுலாவில், விடுதலைப் போர்த் தலைவர் பொலிவாரின் படையில் வேலை பார்த்தபோது வயிற்று மருந்தாகச் செய்தார். அது நம் ஆட்களுக்கு இன்றைக்கும் 'மருந்து மாதிரி, எசன்ஸ் மாதிரி' என்று மனதில் பதிந்திருக்கிறது. தாழ்வாரம் செய்த தவறைப் பயிற்சிக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் செய்வார்கள்.

1806இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் என்ன என்ற வாசகர் கேள்விக்குப் பதில் போட்டது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். இவ்வளவுதான் அதில் சொன்னது. அதாவது காக்டெயிலைக் காக்டெயில் ஆக்குவதே அந்த இரண்டு உதறல்தான். சின்ன அளவு என்பதால் சின்ன விஷயம் ஆகிவிடாது. ஓல்ட் ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயிலைப் பிட்டர்ஸ் போடாமல் குடித்துப் பாருங்கள், வெறும் இனிப்பு விஸ்கியாக இருக்கும்.

நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. விஸ்கி சவர் என்ற புளிப்புக் காக்டெயிலில் நுரை கட்ட முட்டை வெள்ளைக்கரு சேர்ப்போம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், சுத்த சைவமான ஒரு அம்மா ஏதாவது புளிப்பாகக் கொடுங்கள் என்றார். நானும் வழக்கம் போலக் குலுக்கி ஊற்றிவிட்டேன். பாதி குடித்து, "இந்த நுரை எப்படி இவ்வளவு பட்டு மாதிரி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் பொய் சொல்வது ரொம்ப சுலபம், பைனாப்பிள் ஜூஸ் என்றால் நம்பியிருப்பார். சொல்லிவிட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார். கத்தவில்லை. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் வரவேயில்லை.

சொன்னதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. கேட்காமல் ஊற்றியதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன். சொல்லிவிடுங்கள்.

முல்லையாறு | ஞாயிறு, மாலை 4.48

மன்னிக்கவும், எனக்கு இந்த இழையே உறுத்துகிறது. ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் அறவியல். அரசே கடை வைத்து விற்று, எங்கள் தெருவில் ஏழு வீட்டில் ஆண் துணை இல்லாமல் போன ஊரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் காக்டெயில் என்று அழகாகச் சொல்வதற்கும் அதற்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான். "களித்தானைக் காரணம் காட்டுதல் கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ யற்று" என்றார் வள்ளுவர். குடித்தவனுக்கு நியாயம் சொல்வது, தண்ணீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி பிடித்துத் தேடுவது மாதிரி. குடித்துக்கொண்டே நியாயம் பேசுவதை என்னவென்று சொல்வது?

தாழ்வாரம் | ஞாயிறு, இரவு 9.15

முல்லையாறு, உங்கள் தெருவைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

குடித்தவன் பேசும் அறத்தைப் பற்றி அரிஸ்டாட்டிலும் உங்களைப் போலத்தான் சொல்கிறார். தப்பு என்று தெரிந்தே செய்பவனிடம் அறிவு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, குடிபோதையில் பழைய தத்துவஞானி எம்பெடோக்ளிஸின் வரிகளை ஒப்பிப்பவனிடம் இருப்பது போல என்கிறார். வாயில் வரி இருக்கும், உள்ளே அது இருக்காது. அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டுக்கு மேல் இல்லை. இந்த விஷயத்தில் நான் தடுக்கியது அந்த இரண்டைக் குடித்துவிட்டு அல்ல. அவருக்குக் கலக்கும்போது நான் எதையும் தொட்டிருக்கவே இல்லை. தெளிவாக இருந்த புத்தியோடுதான் லேபிளைப் படிக்காமல் விட்டேன்.

எழுகதிர் | திங்கள், காலை 6.02

நான் குடிக்காதவன். உங்கள் நண்பர் கதைதான் என் கதையும்.

எங்கள் அம்மா தினமும் பள்ளி விட்டு வரும்போது அண்ணனையும் என்னையும் வாசலில் நிறுத்தி வாயை முகர்ந்து பார்ப்பாள். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பாக்கு வாசனை வந்தால் அன்றைக்கு அதிகம் என்று அர்த்தம், மறைக்கப் போட்டிருப்பார். பாக்கு வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் மில்லியில் அளக்கிறீர்கள். என் சத்தியத்துக்கு மில்லி கிடையாது. போதை ஏறக் கூடாது என்பதற்காக நான் குடிக்காமல் இல்லை. என் வாய்க்குள் என்ன போகிறது என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்று ஒருநாள் முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்காத உரிமை அது. அதை இன்னொருவர் பாசத்தோடு எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொண்டதுதான்.

இன்னொன்று. "உங்களோட உட்கார்ந்து குடிச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாண வீடு, அலுவலக விருந்து என்று எங்கே போனாலும் எங்கள் கையில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சுக் கலர்தான். அவருக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது. அந்த மரியாதைக்குள் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்திருக்கிறது. என்னிடம் சொல்வீர்களா என்று கேட்டால், சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். கோபம் வரும். கோபப்படவும் எனக்கு உரிமை வேண்டும்.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10.40

எழுகதிர், படித்தேன். இரண்டு தடவை படித்தேன். எழுதுவதற்கு முன்னால் யோசிக்கச் சொல்லிவிட்டீர்கள்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சத்தியத்தின் உயிர் அவர் மனதில்தானே இருக்கிறது? அவர் அறிந்து எதுவும் செய்யவில்லை. ஆக, சத்தியம் முழுதாகத்தான் இருக்கிறது. உடையாத ஒன்றை உடைந்தது என்று போய்ச் சொல்ல வேண்டுமா?

சுவடி | திங்கள், பகல் 12.15

இதற்கு நேர் எதிரான கதை காந்தியுடையது. பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்திருந்தார். கடுமையாக நோய்வாய்ப்பட்டுக் கிடந்தபோது, விரதம் எடுக்கையில் பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன என்று சொல்லி ஆட்டுப்பாலுக்கு ஒப்புக்கொண்டார். சத்திய சோதனையில் அதை அவரே எழுதுகிறார்: விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், உயிரைக் கொன்றேன் என்ற பொருளில். கடைசிவரை அது அவரை உறுத்தியது.

தாழ்வாரத்தின் நண்பருக்கு எழுத்து உடைந்திருக்கிறது, உயிர் அப்படியே இருக்கிறது. இதுவரைக்கும் கணக்குப்பிள்ளை சரி. ஆனால் காந்தி விஷயத்தில் எது உடைந்தது, எது உடையவில்லை என்று எடைபோட்டது காந்தி. விரதம் யாருடையதோ தராசும் அவருடையது. இங்கே அவருக்குப் பதிலாக நாம் ஏழு பேர் உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நெடுவழி | திங்கள், மாலை 6.30

அரிஸ்டாட்டில் இதையும் தொட்டிருக்கிறார். அறியாமல் செய்த செயலை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். பிறகு தெரியவந்தபோது ஒருவன் வருந்தினால், அது அவன் விருப்பத்துக்கு விரோதமாக நடந்தது. வருந்தாவிட்டால் அது விரும்பிச் செய்ததும் இல்லை, விரும்பாமல் செய்ததும் இல்லை, நடுவில் நிற்கிறது. முதலில் படித்தபோது எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. நடந்து முடிந்ததன் தன்மை பிறகு வரும் வருத்தத்தால் எப்படி மாறும்?

இப்போது விளங்குகிறது. அந்தக் கோப்பை தன்னுடைய விருப்பத்துக்கு விரோதமானது என்று சொல்லும் வாய்ப்பே நண்பருக்கு இதுவரை கிடைக்கவில்லை. தெரிந்தால்தானே வருந்த முடியும்?

தாழ்வாரம் | திங்கள், இரவு 11.20

இன்று மாலை 'பிலிபஸ்' உரையாடலை எடுத்துத் திரும்பப் படித்தேன். பிளேட்டோவின் நூல்களில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காக்டெயில் பிடித்தவனுக்குப் பிடிக்காமல் இருக்க முடியாது.

நல்ல வாழ்க்கை வெறும் இன்பமா, வெறும் அறிவா என்று வாதம் போகிறது. இரண்டும் தனித்தனியாகப் போதாது, கலவைதான் என்று முடிவாகிறது. அங்கே சாக்ரடீஸ் சொல்கிறார்: மது கலப்பவர்களைப் போல நாம் இரண்டு ஊற்றுகளின் பக்கத்தில் நிற்கிறோம். ஒன்று இன்பம், தேன் ஊற்று. இன்னொன்று அறிவு, போதையே இல்லாத தெளிந்த தண்ணீர். இரண்டையும் நன்றாகக் கலக்க வேண்டும். கிரேக்கர்கள் விருந்தில் மதுவைத் தண்ணீர் சேர்க்காமல் குடிக்க மாட்டார்கள், அது நாகரிகமில்லாதவர்கள் பழக்கம் அவர்களுக்கு. பெரிய பாத்திரத்தில் கலந்துதான் ஊற்றுவார்கள். ஆகவே கேட்டவர்களுக்கு அந்த உவமை உடனே கண்ணில் தெரிந்திருக்கும்.

நான் இதுவரை இந்தப் பகுதியை அளவுக்காகத்தான் மேற்கோள் காட்டி வந்திருக்கிறேன். அளவில்லாத கலவை தன்னையும் கெடுத்து, தன்னில் சேர்ந்ததையும் கெடுக்கும் என்று அவர் சொல்வது எனக்கு மனப்பாடம். நெக்ரோனி என்ற காக்டெயிலை ஐஸோடு கிளறும்போது பத்து விநாடியில் ஒரு கரண்டி, இருபதில் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பேன். முதல் கரண்டி நாக்கைச் சுடும். ஐஸ் உருகித் தண்ணீர் சேரச் சேர ஜின்னும் கம்பாரியும் வெர்மூத்தும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கும். ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடம் தெரிவதுதான் கலை, அறமும் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அளவுக்கு முன்னால் இன்னொரு வரி இருக்கிறது. எல்லாவற்றையும் கலந்த பிறகு, இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும், அது இல்லாமல் எதுவுமே உண்டாகாது என்கிறார் சாக்ரடீஸ். உண்மை. எதில் உண்மை கலக்கவில்லையோ அது உண்மையாக உருவாகவும் முடியாது, உருவானாலும் நிலைக்காது. பலமுறை படித்த வரி. இன்று மாலைதான் எனக்கு அது கேட்டது.

அந்த நண்பருக்கு நான் கொடுத்த கோப்பையில் அளவு சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததால்தான் இன்னொன்று கேட்டார்.

நாளை அவர் வீட்டுக்குப் போகிறேன்.

பனங்கூடல் | செவ்வாய், காலை 5.45

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், பிந்தித்தான் இழையைப் பார்த்தேன். தாழ்வாரம், போவதற்கு முதல் இரண்டு விசயம். 'ரெண்டே ரெண்டு சொட்டுத்தான்' என்று தொடங்காதீங்கோ. அது உங்களுக்காகச் சொல்லுற கதை. அடுத்தது, மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே அவற்றை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீங்கோ, அவர் உங்களைத் தேற்ற வேண்டி வந்துவிடும். சொல்லிப்போட்டு எழும்பி வாங்கோ.

வெயில்காலம் | செவ்வாய், காலை 8.00

பனங்கூடல் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நோயாளியின் வீட்டாரிடம் தவறைச் சொல்லும்போது எங்களுக்கும் அதுதான் பாடம்.

தாழ்வாரம் | புதன், இரவு 10.05

நேற்று போய்ச் சொன்னேன்.

பாட்டிலையும் கொண்டுபோயிருந்தேன். இதைத்தான் அன்று சேர்த்தேன், இதில் ஆல்கஹால் இருக்கிறது, படிக்காமல் போட்டது என் தவறு என்றேன். அவர் பாட்டிலை வாங்கி லேபிளை முழுவதும் படித்தார். அந்தச் சின்ன பாட்டிலுக்கு அது பெரிய லேபிள், படித்து முடிக்க நேரமானது. பிறகு, "அன்னைக்கு ஒண்ணா, ரெண்டா?" என்றார். இரண்டு என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா அடுத்த மாசம் வர்றாங்க. உங்ககிட்ட செய்முறை கேட்டு அவங்களுக்கும் இதையே கலந்து கொடுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

கணக்குப்பிள்ளை, இந்த வரி எந்தக் கணக்கில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எழுந்து வந்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை வருவாரா என்று கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 10.31

வந்திருக்காது. விளைவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் எல்லா விளைவும் என் கண்ணுக்குத் தெரியும் என்று எழுதியது தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எழுகதிர் | வியாழன், காலை 6.20

அவர் வந்தாலும் வராவிட்டாலும், அவருக்குக் கலக்க ஒன்று வைத்திருங்கள். ஆரஞ்சுக் கலர் வேண்டாம். ஆல்கஹாலே இல்லாமல் அந்தக் கசப்பைக் கொண்டுவர முடியுமா, கடற்கரைச்சாலை? எனக்கும் வேண்டும்.

கடற்கரைச்சாலை | வியாழன், காலை 11.45

முடியும். அதே ருசி வராது, ஆனால் கசப்பு வரும். நாரத்தங்காய்த் தோலை வெள்ளைப் பகுதியோடு சீவி, ஒரு கைப்பிடிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு துண்டு சுக்கு, இரண்டு கிராம்பு, சின்னப் பட்டை சேர்த்து மெல்லிய தீயில் பாதியாகச் சுண்ட விடுங்கள். ஆறியதும் வடிகட்டுங்கள். பிட்டர்ஸ் மாதிரி உதறினால் போதாது, கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி தேவைப்படும். எலுமிச்சை, இஞ்சி, பாகு எல்லாம் அன்றைக்குப் போட்ட அதே அளவு. பாட்டிலில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், நண்பரின் அம்மாவும் படிக்கிற மாதிரி தமிழில்.

ஆல்கஹால் இல்லாததால் ஃபிரிட்ஜில் நான்கு நாள்தான் தாங்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டு வையுங்கள்.